எல்லை தாண்டி வந்த கறுப்புக் கிழவி

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் உண்டு. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போன போராட்டம் அது. கடைசியில் கோடு களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவில் விழுந்தது. களியக்காவிளைச் சந்தையில் மீன் வாங்கி இஞ்சிவிளைக்கு நடந்து வரும் என் அப்பாவுக்கு அன்று முதல் மீன் ஒரு மாநிலம், குழம்பு வேறொரு மாநிலம்.

அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் இந்திய நாடாளுமன்றம் இன்னொரு கோட்டையும் போட்டது. இளம் வயதினருக்குக் கேடு விளைவிக்கும் வெளியீடுகள் பற்றிய சட்டம். குற்றம், கொடூரம், அருவருப்பான பயங்கரம் இவற்றைப் படங்களாகச் சொல்லி இருபது வயதுக்குட்பட்டவர்களைக் கெடுக்கக்கூடிய புத்தகங்களை விற்றால் ஆறு மாதம் வரை சிறை. விற்றால் மட்டுமில்லை, வாடகைக்கு விட்டாலும்தான். களியக்காவிளை பஸ் நிலையத்துப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒரு காமிக்ஸைப் பத்துப் பைசாவுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சட்டம் அவர் காதில் விழுந்திருக்க வாய்ப்பே இல்லை. விழுந்திருந்தாலும், "லேய், மடக்காம படிச்சிட்டு அந்திக்குள்ள கொண்டு வா" என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்தச் சட்டம் நம் ஊர்ப் பிள்ளைகள் கெட்டுப்போனதைப் பார்த்துப் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 1948-லேயே பேய்க்கதைகளை மட்டும் தொகுத்துப் போடும் காமிக்ஸ் தொடர் ஒன்று தொடங்கிவிட்டது. 1950-இல் இ.சி. என்ற கம்பெனி சவக்குழிக் கதைகளோடு வந்தது. ஒரு இதழில் மூன்று, நான்கு சிறுகதைகள். ஒவ்வொன்றையும் சொல்ல ஒரு கிழட்டுச் சூனியக்காரியோ கல்லறைக் காவலனோ வருவார்கள். கதை முடிவில் கெட்டவனுக்கு அவன் செய்த வினையே எமனாக வரும். 1954 ஏப்ரலில் அதன் முதலாளி வில்லியம் கெய்ன்ஸை செனட் துணைக்குழு விசாரித்தது. கோடரியும் வெட்டுண்ட பெண் தலையுமாக வந்த ஓர் அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார்கள். பேய்க்கதைப் புத்தகத்தின் அட்டைக்கு இது சரிதான் என்று மனுஷன் நேராகச் சொல்லிவிட்டார். அதோடு கதை முடிந்தது. அந்த ஆண்டே பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதிமுறை எழுதிக்கொண்டார்கள். 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் தலைப்பில் வரக்கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது, நடமாடும் பிணம் கூடாது. பேய்கள் வெளியேற, அந்த இடத்தில் சஸ்பென்ஸும் ஃபேன்டஸியும் மர்மமும் குடியேறின. இங்கிலாந்து 1955-இல் ஒரு சட்டம் போட்டது. மறு வருடம் நாம் போட்டோம்.

நடமாடும் பிணத்தைத் தடை செய்தது அமெரிக்காவுக்கு வேண்டுமானால் பெரிய காரியமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு பிணம் மாதா மாதம் தபாலில் வந்துகொண்டிருந்தது. அம்புலிமாமா. 1947-இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய பத்திரிகை. மரத்தில் தொங்கும் உடலை விக்கிரமன் தோளில் போட்டுக்கொண்டு, கையில் வாளோடு சுடுகாட்டில் நடப்பான். உடலுக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லும். வடமொழி மூலத்தில் இருப்பது இருபத்தைந்து கதை. அம்புலிமாமா வேதாளம் அதையெல்லாம் தீர்த்துவிட்டு, புதிது புதிதாக நூற்றுக்கணக்கில் சொல்லித் தள்ளியது. படம் வரைந்தவர் சங்கர். 2020-இல் காலமானார். விக்கிரமன் தோளில் கிடக்கும் அந்த உடலை இத்தனை தலைமுறை பார்த்தும் யாரும் கெட்டுப்போனதாக வழக்கு இல்லை. கதை சொல்லும் பிணத்தைப் புத்தகத்தின் காவல்காரனாக வைக்கும் தந்திரத்தில் நியூயார்க்கும் வடபழனியும் ஒன்றுக்கொன்று தெரியாமலே கூட்டாளிகள்.

என் கதைக்கு இங்கேதான் முக்கியமான சங்கதி இருக்கிறது. அம்புலிமாமா மலையாளத்திலும் வந்தது, 'அம்பிளி அம்மாவன்' என்ற பெயரில். நான் 1964-இல் பிறந்தவன். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம். தமிழ் எழுத்தை எனக்குக் காட்டித் தந்தது பாட்டியின் பைபிள் மட்டும்தான். எங்கள் பக்கம் லண்டன் மிஷன் சபைகள் வேரூன்றிய ஊர். கிழவிகள் பலருக்குத் தமிழ் பைபிள் படிக்கத் தெரியும், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. பாட்டி விரலை வைத்து ஆதியாகமம் வாசிப்பாள். எழுத்து புரியும், ஆர்வம் வராது. பக்கத்து வீட்டு மலையாளக்காரப் பையனிடம் அம்பிளி அம்மாவன் இருந்தது, எங்களிடம் அம்புலிமாமா. படம் ஒன்றே. கட்டத்தில் நிற்கும் ராஜாவும் ஒன்றே. இரண்டையும் திண்ணையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்துக்கொண்டு, மலையாளத்தில் எனக்குத் தெரிந்த வாக்கியத்தைத் தமிழில் தேடிப் பிடிப்பேன். அவன் எதிர்த்திசையில் அதையே செய்தான். இப்படிப் படித்த தமிழ் என்பதால் இன்றும் எனக்கு ற, ர தகராறு உண்டு. ஆனால் படிக்க வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் சிவகாசி.

1972-இல் சவுந்திரபாண்டியன் சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அதன் ஆரம்பகால ஆசிரியர். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. சரக்கு இங்கிலாந்துச் சரக்கு: வேலியன்ட் என்ற வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடர், கென் புல்மர் எழுத, ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த லூயிஸ் கிராண்டெல் விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். தொடக்கத்தில் அவன் கெட்டவன், பிறகு அரசாங்க உளவாளி. பிளாஸ்கோவின் கறுப்பு மையில் அந்தக் கை மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டு தனியாக ஏறும் காட்சியை நான் பார்த்தபோது எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான். கரண்டு வந்த வீடுகளிலும் கரண்டு நிற்பதில்லை. எங்கள் பாறசாலையில் பிறந்திருந்தால் மாயாவி பாதி நேரம் மனுஷனாகவே நின்றிருப்பான் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பேச்சு உண்டு.

அந்தப் புத்தகங்களில் ஒரு விசித்திரம் இருந்தது. இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை யாராவது மலை உச்சியிலிருந்து விழுவார்கள், அல்லது ரயில் பாலம் உடையும், அல்லது துப்பாக்கி நெஞ்சில் முட்டும். அடுத்த பக்கத்தின் முதல் கட்டத்தில் அவ்வளவு சுலபமாகத் தப்பித்துக்கொள்வார்கள். மாயாவிக்கு ஏன் இத்தனை கண்டம் என்று அப்போது யோசித்திருக்கிறேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. லண்டனில் அது வாரம் இரண்டு பக்கமாக வந்த தொடர். பையன்களை அடுத்த வாரம் கடைக்கு வரவழைக்க ஒவ்வொரு வாரமும் ஒரு கண்டம் வேண்டும். சிவகாசியில் எல்லா வாரங்களையும் ஒரே புத்தகமாகத் தைத்துவிட்டார்கள். அங்கே ஒரு பையன் மாதக்கணக்கில் காத்திருந்து அனுபவித்த பயத்தை நாங்கள் பத்துப் பைசாவுக்கு ஒரே சாயங்காலத்தில் அனுபவித்தோம். தொகுப்பு என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த வாதம் இதுதான்.

1984 ஒரு பெரிய வருடம். ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஒன்றரை ரூபாய்க்கு. முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட். அதே ஆண்டில் சவுந்திரபாண்டியனின் மகன் விஜயன், மீசை முளைத்தும் முளைக்காத வயதில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். லயனில் வந்த ஸ்பைடரை நாங்கள் கூர்மண்டையன் என்றோம். தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் சொன்னார்கள் என்று பிறகு அறிந்தேன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அந்தக் கூர்மண்டையனுக்குக் கதை எழுதியிருக்கிறார் என்பது களியக்காவிளையில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ராணி காமிக்ஸ் பற்றி ஒரு குறை: பாண்ட் கதைகளில் வரும் பெண்களுக்கு இங்கே மையைத் தடவி உடை போர்த்தினார்கள். கடற்கரையில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நீந்தும் பெண்கள். எங்கள் வயதுக்கு அது துரோகமாகத்தான் பட்டது.

கேரளத்துப் பக்கமும் அதே 1984-இல் பாலரமாவில் மாயாவி வந்தான். என்.எம். மோகன் உருவாக்கினார், பிரதீப் சாத்தே வரைந்தார். காட்டில் ராஜுவையும் ராதாவையும் காப்பாற்றும் குட்டிச்சாத்தான். எதிரிகள் குட்டூசன், டாகினி, ஈட்டியில் ஏறிப் பறக்கும் லுட்டாப்பி. ராணி காமிக்ஸோ முகமூடி வீரர் ஃபேன்டமுக்கு மாயாவி என்று பெயர் வைத்திருந்தது. ஆக எல்லைப் பையன்களின் கையில் மூன்று மாயாவிகள். மின்சாரம் குடிக்கும் ஆங்கிலேயன், மண்டையோட்டு மோதிரம் போட்ட வனவாசி, கொம்பு முளைத்த மலையாளக் குட்டி. மூவரும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் மேடையில் அடிதடி வரை போயிருக்கிறது. திருவனந்தபுரம் – கன்னியாகுமரி ரயில் 1979-இல்தான் ஓடத் தொடங்கியது. அந்த வழியில் படிக்கப் போன பிள்ளைகள்தான் மலையாளப் புத்தகத்தைத் தெற்கேயும் தமிழ்ப் புத்தகத்தை வடக்கேயும் கடத்தினார்கள்.

கடத்தல் என்றதும் அரிசி நினைவு வருகிறது. தமிழ்நாட்டு அரிசியை இந்தப் பக்கம் கொண்டுவருவது குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. பெண்கள் துணிப் பைகளில் இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். எண்பதுகளின் நடுவில் நான் கண்டக்டரானபோது அந்தக் கெடுபிடி தளர்ந்திருந்தாலும் செக்போஸ்டில் மூட்டை பிரிக்கும் பழக்கம் போகவில்லை. எங்கள் வண்டியில் ஒரு தடவை சணல் கயிற்றில் கட்டிய காமிக்ஸ் கட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். மேலே இருந்தது 'திகில்'. பிரித்தவர் நின்றபடியே ஒரு கதையைப் படித்து முடித்தார். வண்டி அதுவரை காத்திருந்தது. பிறகு, "இதொக்கெ பிள்ளேரு வாயிக்குமோ?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். யாரும் படிக்கிற சாதனம்தான் சாரே என்றேன்.

திகில் காமிக்ஸ் 1986-இல் அதே சிவகாசி வீட்டிலிருந்து வந்தது. அமெரிக்கா அட்டையில் போடக்கூடாது என்று விலக்கிய சமாச்சாரத்தையே இவர்கள் பத்திரிகையின் பெயராக வைத்துவிட்டார்கள். தமிழில் பேய்ச் சிறுகதைகளைப் படமாகத் தொகுத்துத் தொடர்ந்து போட்டதில் இதை மிஞ்சி நான் ஒன்றைப் பார்த்ததில்லை. சில காலத்துக்குப் பிறகு துப்பறியும் நெடுங்கதைகளின் பக்கம் அது சாய்ந்ததை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அதன் உயிரே சிறுகதைகள். அதிலும் கறுப்புக் கிழவியின் கதைகள். முக்காட்டுக்குள் பாதி முகம் தெரியும் ஒரு கிழவி, வாங்க என்று கூப்பிட்டுக் கதை சொல்லுவாள். கதையில் வருவதெல்லாம் ஐரோப்பாக் கோட்டை, பனி மூடிய கல்லறை, குதிரை வண்டி. பேராசைக்காரன் ஒருவன் இருப்பான், ஒரு சபிக்கப்பட்ட பொருள் இருக்கும், கடைசிக் கட்டத்தில் அவன் கண் பிதுங்கும்.

என் பாட்டி அப்போது உயிரோடு இருந்தாள். கறுப்புக் கிழவியின் கதை ஒன்றை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல பேடிக்கியதுக்கு என்ன மக்களே இருக்கு?" என்றாள். அவளிடம் கள்ளியங்காட்டு நீலி இருந்தாள். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள கள்ளியங்காடு வழியே இரவில் தனியாகப் போகிறவனிடம் அழகான பெண் ஒருத்தி வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவனுக்கு மறுநாள் நகமும் முடியும்தான் மிச்சம். அந்த நீலிக்குத் தெற்கே வில்லுப்பாட்டு உண்டு. வடக்கே கடமற்றத்துக் கத்தனார் அவளை அடக்கிக் கொண்டுபோன கதை உண்டு. தமிழ்ப் பக்கத்தில் அவள் பழி வாங்க வந்தவள், நியாயம் அவள் கட்சி. மலையாளப் பக்கத்தில் அவள் அடக்கப்பட வேண்டிய யட்சி. என் பாட்டி கிறிஸ்தவச்சி. இரண்டையும் சொல்லுவாள், முடிவில் ஒரு ஜெபமும் சொல்லுவாள். கல்லறைக் காவலனைக் காட்டிப் பயமுறுத்த வந்த வெள்ளைக்காரன் இந்த ஊரில் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் நாங்கள் கறுப்புக் கிழவியை விடவில்லை. நீலி காதில் கேட்கிறவள், கிழவி கையில் இருக்கிறவள். கட்டத்தை மூடி வைத்துவிட்டு, தைரியம் வந்தபின் திறக்கலாம்.

கேரளத்தில் வாயனசாலை இல்லாத கிராமம் அரிது. 1945-இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்களைக் கூட்டிச் சங்கம் அமைத்ததில் தொடங்கிய இயக்கம் எங்கள் மூலைக்கும் வந்தது. நான் அதன் பிள்ளைதான். தகழியையும் பஷீரையும் அங்கேதான் படித்தேன். ஆனால் அங்கே காமிக்ஸுக்கு இடமில்லை. துப்பறியும் நாவலுக்கு உண்டு, தயக்கத்தோடு. கோட்டயம் புஷ்பநாத்தின் புத்தகம் அலமாரியில் நின்றதாக ஞாபகமே இல்லை, எப்போதும் யார் வீட்டிலாவது இருக்கும். சரித்திர வாத்தியாராக இருந்தவர், வெளிநாடு போகாமலே கார்பாத்திய மலையில் டிராகுலாவை உலவ விட்டவர், டிடெக்டிவ் மார்க்சினை ஐரோப்பா முழுக்க அனுப்பியவர். அவர் நாவல்கள் தமிழிலும் வந்தன. களியக்காவிளை அண்ணாச்சியின் கடையில் அவர் தமிழ்க்காரராகவே விற்றார். வாயனசாலையில் மலையாளத்தில் வரிசை கிடைக்காதவர்கள் எல்லையைத் தாண்டிப் போய்த் தமிழில் வாடகைக்கு எடுத்துப் படித்ததை நான் கண்டிருக்கிறேன். மலையாளம் தாய்மொழியான ஆட்கள், ஒரு கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ளத் தமிழ் எழுத்துக் கூட்டினார்கள். எந்த மொழிப் போராட்டமும் இதைச் செய்ததில்லை.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் நின்றுவிட்ட தமிழ் வீடுகளில் பிள்ளைகளைத் தமிழ் மீடியத்தில் சேர்த்தவர்களும் உண்டு. வேலைக்கு மலையாளம் வேண்டும் என்று சேர்க்காதவர்கள் அதிகம். சேர்க்காத வீட்டுப் பிள்ளைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களை நான் விசாரித்த வரையில் வழி இரண்டே: ஒன்று சபை, இன்னொன்று சினிமா போஸ்டரும் காமிக்ஸும். ஆனால் அந்தக் காமிக்ஸ் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழில்லை. மாயாவி சாயா குடிக்க மாட்டான், தேநீர் அருந்துவான். வில்லன் "அட கடவுளே!" என்பான். எங்கள் தெருவில் எவனும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு கோடை விடுமுறை முழுக்க நாங்கள் சொல்லித் திரிந்தோம். மரச்சீனி பிடுங்கும்போது கால் வழுக்கினால்கூட அட கடவுளே.

ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. திகில் அதற்கு வெகு முன்பே. லயனும் முத்துவும் 2012-இல் புத்துயிர் பெற்று, இப்போது வழவழப்பான தாளில், வண்ணத்தில், டெக்ஸ் வில்லர் என்ற நாயகனோடு சிவகாசியிலிருந்தே வருகின்றன. பழைய திகில் இதழ்களுக்குச் சேகரிப்பாளர்கள் கேட்கும் விலை என் முதல் சம்பளத்தைத் தாண்டும். அண்ணாச்சியின் கடை இருந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். 2003-இல் தமிழ்நாடு லாட்டரியை நிறுத்தியபின் களியக்காவிளைக்காரர்கள் சீட்டு வாங்க இஞ்சிவிளைக்கு நடந்து வருகிறார்கள். காகிதம் இப்போதும் எல்லை கடக்கிறது, திசை மாறி.

என்னிடம் மிச்சமிருக்கும் கட்டை எங்கள் வாயனசாலைக்கே கொடுத்துவிட முடிவு செய்தேன். இப்போதைய செயலாளர் நல்ல மனுஷன், வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் மலையாளத்துக்கு ஒரு பகுதி, ஆங்கிலத்துக்கு ஒரு பகுதி இருக்கிறது; தமிழுக்கு இந்தக் கட்டை வைத்துத்தான் புதிதாக ஒரு பக்கம் திறந்தார்கள். வகை என்ற இடத்தில் பாலசாகித்யம் என்று எழுதப் போனார். மாயாவியையும் கூர்மண்டையனையும் வேண்டுமானால் அப்படிப் போடுங்கள், கறுப்புக் கிழவியைப் பாலசாகித்யத்தில் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு விஷயத்தை வைத்திருக்கிறார்கள்.